இதய வடிவ இலைச் செடி வாங்கினீங்களா? அது ஏன் வளரவே மாட்டேங்குது? ஹோயா செடிகள் பற்றி தெரிஞ்சுக்க வேண்டியவை

காதலர் தினம் நெருங்கினால் போதும், ஆன்லைன் கடைகளிலும் நர்சரிகளிலும் ஒரு குட்டித் தொட்டி தலைகாட்டும். மண்ணில் நேராகக் குத்தி வைத்த ஒரே ஒரு பச்சை இலை. தடிமனா, பளபளன்னு, அச்சு அசல் இதய வடிவத்தில் இருக்கும். 'ஸ்வீட்ஹார்ட் பிளான்ட்', 'லக்கி ஹார்ட்' என்று பெயர் ஒட்டியிருக்கும். பரிசாக வாங்கிக் கொடுத்தவர்கள் நிறைய பேர். அப்புறம் ஆறு மாசம், ஒரு வருஷம் கழித்து எல்லோரும் கேட்கிற கேள்வியும் ஒன்றுதான்: "தண்ணி ஊத்துறேன், வெயில் காட்டுறேன், இலை வாடவும் இல்ல, வளரவும் இல்ல. நான் என்ன தப்பு பண்ணேன்?"

நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. அந்த இலை பெரும்பாலும் வளரவே போவதில்லை. வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரியே இரண்டு, மூன்று வருஷம் கூட பச்சையாக நிற்கும். பிறகு ஒருநாள் மஞ்சளாகி உதிரும். அவ்வளவுதான்.

இது என்ன செடி, ஏன் இப்படி, உண்மையான செடியை எப்படிக் கண்டுபிடிப்பது? பார்க்கலாம்.

எல்லா இலையும் ரணகள்ளி இல்லை

நம் ஊரில் ரணகள்ளி என்று ஒரு செடி உண்டு. 'கட்டிப்போட்டா குட்டிபோடும்' என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதன் இலையை நோட்டுக்குள் வைத்து மறந்துவிடுவார்கள். சில நாளில் இலையின் ஓரத்தில் குட்டிச் செடிகள் முளைத்திருக்கும். அதைப் பார்த்து வளர்ந்ததால், இலையை மண்ணில் வைத்தால் செடி வந்துவிடும் என்று நமக்கு ஒரு நம்பிக்கை.

ஹோயா அப்படி இல்லை. இது கரும்பு மாதிரி. கரும்பு நடும்போது கரணை வெட்டுகிறவர்கள் கணு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். கணுவில்தான் பரு இருக்கும், பருவில் இருந்துதான் முளை வரும். கணு இல்லாத துண்டைப் புதைத்தால் மண்ணோடு மக்கிப் போகும். ஹோயாவிலும் புதுத் தண்டு கிளம்புவது கணுவில் இருந்துதான். இலையும் தண்டும் சேரும் அந்த முடிச்சில்தான் வளரும் மொட்டு ஒளிந்திருக்கிறது.

கடையில் விற்கும் ஒற்றை இலைகளில் பெரும்பாலானவை கணுவை விட்டுவிட்டு, இலையை மட்டும் காம்போடு கிள்ளி நட்டவை. ஒரு கொடியில் இருந்து இப்படி நிறைய இலைகளைப் பறிக்கலாம், தாய்க்கொடிக்கும் சேதம் குறைவு. வியாபாரத்துக்கு வசதி. காம்பின் அடியில் வேர் விடும், அதனால் இலை உயிரோடு இருக்கும். தடிமனான இலை என்பதால் உள்ளேயே தண்ணீர் சேர்த்து வைத்திருக்கும். வேரும் இருக்கு, தண்ணியும் இருக்கு, ஆனா முளைக்க மொட்டு இல்லை. வெளிநாட்டுச் செடிப் பிரியர்கள் இதற்கு வைத்திருக்கிற பெயர் 'ஸோம்பி இலை'. கொஞ்சம் கொடூரமான பெயர்தான், ஆனால் பொருத்தமான பெயர்.

என் மேசையிலும் ஒன்று இருக்கிறது. மூன்றாவது வருஷம் நடக்குது. பேப்பர் பறக்காமல் இருக்க உதவுகிறது.

வாங்கும்போது எப்படிப் பார்ப்பது?

கடையில் நின்றே பார்த்துவிடலாம். இலைக்காம்பு மண்ணுக்குள் போகும் இடத்தில் விரலால் லேசாக மண்ணை விலக்குங்கள். காம்பு நேராக மண்ணுக்குள் இறங்கி முடிந்தால் அது வெறும் இலை. காம்பு ஒரு சின்னத் தண்டுத் துண்டில் போய்ச் சேர்ந்தால், அதில் கணு இருக்க வாய்ப்பு உண்டு.

இன்னும் சுலபமான வழி: ஹோயாவில் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு இலைகள் எதிரெதிராக வரும். ஒரே தண்டில் எதிரெதிராக இரண்டு இலைகள் இருந்தால் அது உண்மையான செடி. கடைக்காரர் "போகப் போக வளரும் சார்" என்று சொன்னால், "தண்டு இருக்கா?" என்று மட்டும் கேளுங்கள்.

ஆன்லைனில் வாங்குபவர்கள் படத்தில் எத்தனை இலை இருக்கிறது என்று பாருங்கள். ஒற்றை இலை என்றால், அது நன்றாக இருக்கும்வரை மேசை அலங்காரம் என்று நினைத்து வாங்கலாம். அந்த விலைக்கு அது போதும் என்று தோன்றினால் தப்பில்லை. 'செடி' என்று சொல்லி விற்கும்போதுதான் வாங்குகிறவருக்கு ஏமாற்றம்.

கணுவோடு வாங்கிய இலையும் உடனே முளைத்துவிடாது. மாதக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு, திடீரென ஒரு பென்சில் முனை மாதிரி முளை நீட்டும். பொறுமை வேண்டும்.

ஹோயா என்றால் என்ன?

இதய இலைச் செடியின் முழுப் பெயர் ஹோயா கெர்ரியை. தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, வியட்நாம் காடுகளில் மரங்களைப் பற்றி மீட்டர் கணக்கில் ஏறும் பெரிய கொடி இது. அந்நாளில் சியாம் என்று அழைக்கப்பட்ட தாய்லாந்தில் மருத்துவராக வேலை பார்த்தபடியே செடிகளைச் சேகரித்தவர் ஆர்தர் கெர். அவர் நினைவாக 1911-ல் இந்தப் பெயர் வைக்கப்பட்டது. காட்டில் மரமேறும் கொடியை நாம் ஒரு இலையாகச் சுருக்கி மேசையில் வைத்திருக்கிறோம்.

ஹோயா என்பது ஒரு பேரினத்தின் பெயர். பூக்கள் மெழுகில் செய்து வைத்தது போல இருப்பதால் ஆங்கிலத்தில் 'வாக்ஸ் பிளான்ட்', 'வாக்ஸ் ஃபிளவர்' என்பார்கள். தமிழில் மெழுகுப்பூ என்று சொல்லலாம். இதில் 500-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. இந்தியாவில் தொடங்கி சீனா, தென்கிழக்கு ஆசியா, பிலிப்பைன்ஸ், நியூ கினி, ஆஸ்திரேலியா வரை பரவியிருக்கின்றன. போர்னியோ, நியூ கினி காடுகளில் இருந்து இன்றும் புதுப்புது இனங்கள் கண்டுபிடிக்கப்படுகின்றன.

பேரினத்துக்குப் பெயர் வைத்தவர் ராபர்ட் பிரவுன். பள்ளியில் பிரவுனியன் இயக்கம் படித்திருப்பீர்களே, அதே பிரவுன்தான். 1810-ல் அவர் இந்தச் செடிகளுக்கு ஒரு தோட்டக்காரரின் பெயரைச் சூட்டினார். இங்கிலாந்தில் நார்தம்பர்லாந்து பிரபுவின் சையன் ஹவுஸ் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட தாமஸ் ஹோய் என்பவர் அவர். செடிகளுக்குப் பிரபுக்கள், ராஜாக்கள் பெயர்களை வைத்துக்கொண்டிருந்த காலத்தில், பிரபுவை விட்டுவிட்டு அவருடைய தோட்டக்காரர் பெயரை வைத்தது எனக்குப் பிடித்த விஷயம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'வாக்ஸ் ஃபிளவர்' என்று தேடினால் பொக்கேகளில் வைக்கும் சின்னச் சின்ன இளஞ்சிவப்புப் பூக்களும் வரும். அது மேற்கு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த வேறு செடி, நாவல், கொய்யா குடும்பத்தைச் சேர்ந்தது. ஹோயாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விதையோ செடியோ ஆர்டர் போடும் முன் 'ஹோயா' என்ற பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எருக்கம்பூவைப் பாருங்க, ஹோயா புரியும்

ஹோயாவின் நெருங்கிய சொந்தக்காரர் நம் தெருவோரத்திலேயே நிற்கிறார்: எருக்கு. இரண்டும் ஒரே குடும்பம். விநாயகர் சதுர்த்திக்கு எருக்கம்பூ மாலை கட்டியவர்களுக்குத் தெரியும், பூவின் நடுவில் கிரீடம் மாதிரி ஒரு அமைப்பு தனியாக எழுந்து நிற்கும். ஹோயா பூவிலும் அதே கிரீடம் உண்டு. கீழே ஐந்து இதழ் நட்சத்திரம், அதன் மேல் இன்னொரு குட்டி நட்சத்திரம். இப்படிப் பல பூக்கள் ஒரே காம்பில் சேர்ந்து பந்து மாதிரித் தொங்கும்.

கிள்ளினால் எருக்கு போலவே பல ஹோயா இனங்களிலும் பால் வடியும். காய் முற்றி வெடித்தால் எருக்கங்காயில் வருவது போலப் பட்டுப் பஞ்சோடு விதைகள் பறக்கும். காற்றில் போய் ஏதாவது ஒரு மரப்பட்டையின் இடுக்கில் ஒட்டிக்கொண்டு அங்கேயே முளைக்கும். காட்டில் பல ஹோயாக்கள் மண்ணைத் தொடாமலே வாழ்பவை. மரத்தின் மேல் இருந்தாலும் மரத்தை உறிஞ்சாது. ஒண்டிக் குடித்தனம் மட்டும்தான்.

மகரந்தச் சேர்க்கை நடக்கும் விதமும் எருக்கைப் போலவே விசித்திரமானது. இந்தப் பூக்களில் மகரந்தம் தூளாக இருக்காது, இரண்டு சின்னப் பொட்டலங்களாகக் கட்டி ஒரு கொக்கியில் மாட்டி வைத்திருக்கும். தேன் குடிக்க வரும் பூச்சியின் கால் பூவின் இடுக்கில் வழுக்கி உள்ளே போகும். வெளியே இழுக்கும்போது பொட்டலமும் சேர்ந்து வந்துவிடும். அடுத்த பூவில் அதே கால் மறுபடி வழுக்கினால் பொட்டலம் அங்கே டெலிவரி. ஜப்பானின் அமாமி தீவில் ஹோயா கார்னோசாவை ஆராய்ந்தவர்கள், இரவில் வரும் பெரிய அந்துப்பூச்சிகளின் கால்களில் இந்தப் பொட்டலங்கள் ஒட்டியிருப்பதைப் பார்த்தார்கள். ஹோயா பூக்கள் பலவும் பொழுது சாய்ந்த பிறகு அதிகமாக மணப்பதற்குக் காரணம் இதுபோன்ற இரவு விருந்தாளிகள்தான்.

எந்த ஹோயா என்ன மாதிரி?

வீடுகளில் அதிகம் இருப்பது ஹோயா கார்னோசா. சீனா, தைவான், ஜப்பான் பக்கத்துச் செடி. வெளிர் இளஞ்சிவப்புப் பூ, நடுவில் சிவப்பு நட்சத்திரம். புதிதாக வளர்ப்பவர்கள் இதில் இருந்து தொடங்கலாம், சின்னச் சின்னத் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். இலை ஓரத்தில் வெள்ளையோ, நடுவில் மஞ்சளோ தீட்டியது போன்ற வகைகளும் இதில் உண்டு. வெள்ளை விழுந்த பகுதியில் பச்சையம் இல்லை, அதனால் உணவு தயாரிக்க முடியாது. அந்த வகைகள் மெதுவாக வளர்வதற்கும், விலை கூடுதலாக இருப்பதற்கும் அதுவே காரணம்.

இலைகள் சுருண்டு, முறுக்கிய கயிறு மாதிரித் தொங்கும் ஒரு செடியை 'இந்து ரோப்' என்று விற்பார்கள். பெயரைப் பார்த்து இந்தியச் செடி என்று நினைத்துவிட வேண்டாம். அதுவும் கார்னோசாவின் ஒரு வகைதான். அழகு என்னவோ அழகுதான், ஆனால் அந்த மடிப்புகளுக்குள் மாவுப்பூச்சி புகுந்தால் வெளியே எடுப்பது பெரிய வேலை. முதல் செடியாக இதை நான் சொல்ல மாட்டேன்.

பிலிப்பைன்ஸைச் சேர்ந்த ஹோயா பியூபிகேலிக்ஸ் வேகமாக ஏறும். இளஞ்சிவப்பில் இருந்து கறுப்புக்கு நெருக்கமான அடர் சிவப்பு வரை பூக்கும். ஹோயா லாகுனோசாவுக்குக் குட்டி இலை, குட்டிப் பூ, ஆனால் வாசனை அறை முழுக்க நிற்கும். ஹோயா மல்டிஃப்ளோரா கொடியாக ஏறாமல் புதர் மாதிரி நிற்கும். அதன் பூக்கள் எரிநட்சத்திரம் பாய்வது போல இதழ்களைப் பின்னால் வளைத்துக்கொண்டு இருக்கும். பூவின் அளவில் பெரியது ஹோயா இம்பீரியாலிஸ், ஒரு பூவே உள்ளங்கையில் முக்கால்வாசி வரும்.

எல்லாவற்றிலும் வினோதமானது பிலிப்பைன்ஸ், இந்தோனேசியாவின் சுலாவேசி காடுகளில் இருக்கும் ஹோயா இம்பிரிகேட்டா. இதன் இலைகள் மரத்தண்டில் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தது போல ஒட்டிக்கொள்ளும். அந்தக் கூரைக்குக் கீழே எறும்புகள் குடியிருக்கும். எறும்புகள் கொண்டுவந்து சேர்க்கும் குப்பையும் கழிவும் செடிக்கு உரம். வாடகைக்குப் பதில் எரு. நல்ல ஒப்பந்தம்தான்!

இமயமலை அடிவாரத்து ஹோயா லீனியாரிஸ் பச்சை நூல்களைத் தொங்கவிட்டது போல இருக்கும். சென்னை, திருச்சி, மதுரை வெயிலில் இது படும் பாடு சொல்லி மாளாது. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு பக்கம் இருப்பவர்கள் தாராளமாக முயற்சி செய்யலாம். குட்டி இலையும் வெள்ளைப் பூவுமாகத் தொங்கும் ஹோயா பெல்லாவும் குளிர்ச்சியை விரும்புவதுதான். சமவெளியில் இருப்பவர்களுக்கு கார்னோசா, கெர்ரியை, பியூபிகேலிக்ஸ் போன்றவை ஒத்துவரும்.

நம் மலைகளிலும் ஹோயா உண்டு

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஹோயா இயல்பாகவே வளர்கிறது. அதில் ஒன்று ஹோயா வைட்டியை. கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராக மதராஸ் மாகாணத்துக்கு வந்து, தென்னிந்தியச் செடிகளை ஆயிரக்கணக்கில் படம் வரையச் செய்து பதிப்பித்த ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் வைட்டின் பெயர் அது. இதன் ஒரு துணையினத்துக்கு பழனி மலையின் பெயரையே வைத்து 'பால்னியென்சிஸ்' என்கிறார்கள். ஹோயா ஓவாலிஃபோலியா, ஹோயா பாசிஃப்ளோரா ஆகியவையும் தென்னிந்திய, இலங்கைக் காடுகளில் உள்ளவை.

அடுத்த முறை சோலைக்காட்டுப் பக்கம் போனால் மரத்தில் பாசிக்கு நடுவே தடித்த இலைக் கொடியைத் தேடிப் பாருங்கள். பார்த்தால் போட்டோ மட்டும் எடுங்கள். காப்புக்காட்டில் இருந்து செடியைப் பறித்து வருவது சட்டப்படி குற்றம். மலைக்காற்றில் மரத்தின் மேல் வளர்ந்த கொடி, பால்கனியில் பெரும்பாலும் பிழைக்காது என்பது வேறு விஷயம்.

இலை வருது, பூ ஏன் வரலை?

ஹோயா வளர்ப்பவர்களிடம் அதிகம் கேட்கும் புலம்பல் இது. பெரும்பாலும் காரணம் வெளிச்சம் போதாததுதான். 'இண்டோர் பிளான்ட்' என்று சொல்லி விற்பதால் ஹாலின் மூலையில் டிவி பக்கத்தில் வைத்துவிடுகிறோம். அங்கே உயிர் வாழும், பூக்காது. கிழக்குப் பார்த்த ஜன்னல் அருமையான இடம். காலை இளவெயில் படலாம், உச்சி வெயில் நேரடியாகப் பட்டால் இலை கருகும். செடிக்கு வயதும் வேண்டும். சின்னத் துண்டில் இருந்து வளர்த்தால் பூக்க இரண்டு, மூன்று வருஷம் ஆவது சாதாரணம்.

அடுத்த காரணம் நம் கை. ஹோயா பூத்து உதிர்ந்த பிறகு ஒரு குட்டையான காம்பு மட்டும் மொட்டையாக நிற்கும். காய்ந்துபோச்சு என்று நினைத்து வெட்டிவிடுவோம். வெட்டாதீங்க! அடுத்த முறை பூ வரப்போவது பெரும்பாலும் அதே காம்பில்தான். அதை வெட்டினால் செடி புதுக் காம்பு விடும்வரை காத்திருக்க வேண்டும்.

இலையே இல்லாமல் நீளமாக நீட்டிக்கொண்டு போகும் கொடி நுனியையும் சிலர் கத்தரிப்பார்கள். அது பற்றிக்கொள்ள இடம் தேடும் கை. பிடி கிடைத்த பிறகு அதில் இலை விடும்.

தண்ணீர்: குறைவாக ஊற்றி கெட்ட ஹோயா குறைவு

ஹோயா இறப்பதற்கு முக்கியக் காரணம் பாசம் அதிகமாகி தினமும் தண்ணீர் ஊற்றுவது. மரப்பட்டையில் வாழ்ந்து பழகிய வேர், நனைந்தால் உடனே காய வேண்டும். வெறும் செம்மண்ணில் நட்டால் வேர் மூச்சு முட்டி அழுகும். தேங்காய் மட்டைத் துண்டுகள், கரித்துண்டு, பெர்லைட், கொஞ்சம் மண்புழு உரம் என்று கலந்து, அடியில் ஓட்டை உள்ள சின்னத் தொட்டியில் நடுங்கள். பெரிய தொட்டி வேண்டாம். வேருக்கு மிஞ்சிய மண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

எப்போது ஊற்றுவது? இலையை மெதுவாக மடக்கிப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் தண்ணீர் இருக்கிறது. துவண்டு வளைந்தால் ஊற்றலாம். ஆனால் மண் ஈரமாக இருக்கும்போதே இலை துவண்டால், அது வேர் அழுகலின் அடையாளம். அப்போது மேலும் ஊற்றினால் நிலைமை மோசமாகும்.

கார்னோசா போன்ற தடித்த இலை ஹோயாக்கள் தண்ணீரைச் சேமிக்க ஒரு தந்திரம் வைத்திருக்கின்றன. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறக்கும். இவை கள்ளி, அன்னாசி மாதிரி இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கிச் சேர்த்து வைத்துக்கொள்ளும். பகல் சூட்டில் துளைகளை மூடிவிடுவதால் நீர் இழப்பு குறைவு.

வீட்டுக் காற்றைச் சுத்தமாக்குமா?

விளம்பரங்களில் அடிக்கடி வரும் வாசகம் இது. இதற்கு ஒரு அடிப்படை இருக்கிறது. 2009-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 28 வகைச் செடிகளைக் கண்ணாடி ஜாடிகளில் அடைத்து, பென்சீன் போன்ற ரசாயன ஆவிகளை எவ்வளவு உறிஞ்சுகின்றன என்று பார்த்தார்கள். நன்றாக உறிஞ்சிய சில செடிகளில் ஹோயா கார்னோசாவும் ஒன்று.

ஆனால் உங்கள் ஹால் மூடிய ஜாடி இல்லையே. இதுபோன்ற பல ஆய்வுகளை 2019-ல் சேர்த்துக் கணக்கிட்ட டிரெக்செல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சாதாரணமாக வீட்டுக்குள் வந்து போகும் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை வேண்டும் என்றார்கள். அத்தனை செடி வைத்தால் உட்கார இடம் இருக்காது. காற்றுக்கு ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

பூச்சி வந்தா?

வெள்ளைப் பஞ்சு மாதிரி கணுக்களில் ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. தளிரிலும் மொட்டிலும் மஞ்சள் நிறத்தில் கூட்டமாக மொய்த்தால் அது அசுவினி. எருக்கிலும் அரளியிலும் அதே மஞ்சள் அசுவினியைப் பார்த்திருப்பீர்கள். ஒரே குடும்பத்துச் செடிகள் என்பதால் அங்கிருந்து இங்கும் வரும். ஹோயா தொட்டி அரளிக்குப் பக்கத்தில் இருந்தால் முதலில் இடம் மாற்றுங்கள். தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவிவிட்டு, வேப்பெண்ணெயைச் சில சொட்டு சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளித்தால் போதும். வாரம் ஒருமுறை இலையின் அடியிலும் பாருங்கள்.

வீட்டில் பூனை, நாய் இருப்பவர்களுக்கு: கார்னோசா விஷச்செடிப் பட்டியலில் இல்லை. வெட்டும்போது வடியும் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும், கையைக் கழுவிவிடுங்கள்.

சரி, அந்த ஒற்றை இலையை என்ன செய்வது?

வைத்திருங்கள், பாவம். மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை தண்ணீர், வெளிச்சம் இருந்தால் அது பாட்டுக்கு நிற்கும்.

கொடியே வேண்டும் என்றால், ஹோயா வளர்க்கும் நண்பரிடம் ஒரு துண்டு கேளுங்கள். இரண்டு கணு உள்ள தண்டாக இருக்கட்டும். கீழ்க் கணுவின் இலைகளைக் கிள்ளிவிட்டு, பால் வடிவது நின்ற பிறகு, அந்தக் கணு மூழ்கும்படி ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரிலோ ஈரமான தேங்காய் நாரிலோ வையுங்கள். சில வாரங்களில் வெள்ளை வேர் தெரியும். மேல் கணுவில் முளை வர இன்னும் சில வாரம் ஆகலாம், அதுவரை தினமும் எடுத்து எடுத்துப் பார்க்காதீங்க.